திருச்சி – ஷார்ஜா: வயதான பெற்றோரை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நேரடி விமானத்தில் அனுப்பலாமா?

பொன்மலைப்பெண்

எல்லாருக்கும் வணக்கம். என் அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தியைப் பார்க்க அம்மாவும் அப்பாவும் முதல் முறையாக விமானம் ஏறப் போகிறார்கள். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது.

மூன்று வழிகள் தெரிகின்றன. திருச்சியிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நேரடி விமானம். இல்லையென்றால் சென்னைக்குப் போய் அங்கிருந்து ஒரு வளைகுடா விமானம். மூன்றாவது, திருச்சியிலிருந்து கொழும்பு போய் அங்கே மாறுவது. நேரடி விமானம் வசதிதான். ஆனால் 2024 அக்டோபரில் ஷார்ஜா விமானம் திருச்சிக்கு மேலே வட்டமடித்ததை நாங்கள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அன்றைக்குச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் விமானம் இறங்கிய பிறகுதான் எழுந்தார். இப்போது அவரையே அதே தடத்தில் ஏறச் சொல்ல எனக்கு யோசனையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரோலா வாசி

தங்கச்சி, யோசிக்கவே வேண்டாம், நேரடி விமானம்தான். சுமார் நாலு மணி நேரத்தில் ஷார்ஜாவில் இறங்கிவிடலாம். முழங்கால் வலி உள்ளவரைக் கொழும்பிலோ சென்னையிலோ மாறி ஏற வைப்பது தேவையில்லாத பாடு. திருச்சி விமானத்தில் பக்கத்து இருக்கையில் நிச்சயம் ஒரு புதுக்கோட்டைக்காரரோ பெரம்பலூர்க்காரரோ இருப்பார். அம்மா பேச ஆள் தேடவே வேண்டியதில்லை.

லக்கேஜ் பற்றி ஒரு வார்த்தை. முன்பு இந்தத் தடத்தில் 30 கிலோ இலவசம். 2024 ஆகஸ்டில் அமீரகத் தடங்களுக்கு அதை 20 ஆகக் குறைத்தார்கள். இங்கே எல்லாரும் கொதித்துப் போனோம். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவன் பெட்டி கட்டுவது பல மாத வேலை: பால் பவுடர், கோடாலித் தைலம், கம்பளி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் என்று சேர்த்துக்கொண்டே வருவான். 2025 ஜனவரியில் மறுபடியும் 30 கிலோ ஆக்கினார்கள். இருந்தாலும் டிக்கெட் போடும்போது எந்த வகைக் கட்டணம் என்று பாருங்கள். ‘லைட்’ என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பெட்டி போட அனுமதி கிடையாது, கைப்பை மட்டும்தான். விலை குறைவாகத் தெரிகிறதே என்று அதைப் போட்டுவிட்டு விமான நிலையத்தில் கிலோ கணக்கில் பணம் கட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். கசகசா ஒரு சிட்டிகைகூட எடுத்து வரக் கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கு அரைத்த பொடியிலும் இருக்கக் கூடாது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் மருந்துப் பொடி, லேகியம் என்று கட்டிக்கொண்டு வருவது வழக்கம். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

காவிரிக்கரை

எல்லாரும் வசதியை மட்டும் பேசுகிறோம். பெண்ணின் கேள்வி பாதுகாப்பைப் பற்றியும்தான். இந்த நிறுவனத்தின் வரலாற்றை மறைக்கக் கூடாது. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், தப்பியவர்கள் 8 பேர். 2020 ஆகஸ்ட் 7, மறுபடியும் துபாயிலிருந்து வந்த விமானம், கோழிக்கோட்டில் 21 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் 2018 அக்டோபர் 12 அதிகாலை, நம் திருச்சியிலேயே துபாய் விமானம் புறப்படும்போது சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு போனது. 136 பேர் அதில் இருந்தார்கள். அது நேராக எழும்பிப் போய்விட்டது என்பதால் நாம் மறந்துவிட்டோம். எல்லாமே வளைகுடா தடம். எல்லாமே கூலி வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் குடும்பங்களும் ஏறும் விமானங்கள். குறைந்த கட்டணம் என்றால் எங்கே குறைக்கிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஓடுதளம்

காவிரிக்கரை அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நான் விமானப் பராமரிப்புத் துறையில் இருக்கிறேன், இந்த நிறுவனத்தில் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 2024 அக்டோபர் 11. மாலை 5.40 வாக்கில் புறப்பட்ட போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு. சக்கரம், இறக்கையின் மடிப்புகள் எல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குபவை. 737-இல் அதற்கு ஏ, பி என்று இரண்டு அமைப்புகளும் அவசரத்துக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒன்று போனாலும் விமானத்தை ஓட்டலாம், சக்கரத்தைக் கையாலேயே விடுவித்து இறக்கலாம். அப்படியென்றால் ஏன் இரண்டரை மணி நேரம் சுற்றினார்கள்? எடைதான் காரணம். இந்த ரக விமானம் சுமார் 79 டன் வரை எடையோடு எழும்பலாம், ஆனால் சுமார் 66 டன்னுக்கு மேல் எடையோடு இறங்கக் கூடாது. பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்ட வழி இருக்கும். 737-இல் அது கிடையாது, பறந்துதான் எரிக்க வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் அவர்கள் செய்தது அதைத்தான். இரவு 8.15 வாக்கில் பத்திரமாக இறங்கினார்கள். உள்ளே சுமார் 140 பேர், ஒருவருக்கும் கீறல் இல்லை. அந்த நேரத்தில் தொலைக்காட்சிகள் செய்த கலவரம்தான் நம் அம்மாக்களை உட்கார வைத்தது. விமானிகள் செய்தது பாடப் புத்தகத்தில் உள்ளபடியான வேலை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

2018 வேறு கதை, அது உண்மையிலேயே கவலைக்குரியது. ஓடுதளத்தில் வேகமெடுக்கும்போது தலைமை விமானியின் இருக்கையின் முதுகுப் பக்கம் பின்னால் சாய்ந்துவிட்டது. அந்தக் குலுக்கலில் இன்ஜின் விசையும் குறைந்துவிட்டது. அதைக் கவனிக்காமலே எழும்பியதால் தரையிறங்க உதவும் ஆண்டெனாவிலும் சுவரிலும் அடிபட்டது. விமானிகளுக்கு இடித்ததே தெரியவில்லை. தரையிலிருந்து தகவல் போய், கடைசியில் மும்பையில் இறக்கினார்கள்.

மங்களூர், கோழிக்கோடு இரண்டும் மலை உச்சியைச் சமன்படுத்திப் போட்ட ஓடுதளங்கள். ஓரம் தாண்டினால் பள்ளம். இரண்டிலும் விமானம் ஓடுதளத்தின் ஆரம்பத்தில் தொடாமல் வெகுதூரம் தள்ளித் தொட்டது. மங்களூரில் துணை விமானி ‘மேலே ஏறிவிடலாம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் தலைமை விமானி கேட்கவில்லை. பயணத்தின் பெரும்பகுதியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் பதிவானது. திருச்சி அப்படிப்பட்ட இடம் இல்லை, சமதரை. ஓடுதளம் நீளம் குறைவு, சுமார் 2,480 மீட்டர்தான் என்பது குறை. ஆனால் 737-க்கு அது போதும்.

காவிரிக்கரை

விளக்கத்துக்கு நன்றி தம்பி, ஹைட்ராலிக் விஷயம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. ஆனால் கோழிக்கோடு விசாரணை அறிக்கையை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள். விமானி விதியை மீறினார் என்பதோடு அது நிற்கவில்லை. கோழிக்கோட்டில் போதுமான தலைமை விமானிகளை நிறுவனம் வைத்திருக்கவில்லை. அதே விமானி மறுநாள் காலை வேறு விமானம் ஓட்ட வேண்டியிருந்தது. வேறு ஊருக்குத் திருப்பினால் அந்த வேலை நேரம் கெட்டுப்போகும், அதனால் எப்படியாவது அங்கேயே இறங்க வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. இதைத்தான் நான் கேட்கிறேன். ஆள் குறைப்பதும் சிக்கனத்தில் ஒரு வகை.

ஓடுதளம்

மறுக்க முடியாது அண்ணே. மலிவு விமானத்தின் கணக்கு என்பது ஒரே ரக விமானம், ஒரே வகுப்பு, தரையில் நிற்கும் நேரம் குறைவு, ஒரு நாளைக்கு அதிக மணி நேரம் பறப்பது. இவற்றில் ஆபத்து ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் ஒரே ரகம் என்பது விமானிக்கும் மெக்கானிக்குக்கும் நல்லது, கை பழகிப்போகும். பணியாளர் எண்ணிக்கையில் கத்தி வைக்கும்போதுதான் பயப்பட வேண்டும். 2020-க்குப் பிறகு நிறுவனம் கைமாறிவிட்டது. 2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவோடு சேர்ந்து டாடாவுக்குப் போனது. புது 737 மேக்ஸ் விமானங்கள் வந்தன. 2024 அக்டோபர் 1-ல் பழைய ஏர்ஏசியா இந்தியாவும் இதோடு இணைந்தது, அதனால்தான் உள்நாட்டுத் தடங்கள் இவ்வளவு பெருகின.

அதிரைச் சபராளி

இந்த இழையைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஏப்ரல் 29-ல் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்கு இந்த நிறுவனத்தின் முதல் விமானம் போனது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் துபாய் போக வேண்டுமென்றால் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போக வேண்டும், இல்லை திருவனந்தபுரம். வேன் வாடகைக்கு எடுத்து குடும்பமே வழியனுப்பப் போகும். கட்டணம் ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். நடுவில் வீட்டில் யாராவது இறந்தால்கூட வர முடியாது. கேரளத்துக்காரர்கள் பல ஆண்டு குரல் கொடுத்ததால்தான் அரசு இந்த மலிவு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் பலன் எங்கள் தஞ்சை, திருவாரூர், நாகைக் கரைக்கும் கிடைத்தது.

தனியார் மலிவு நிறுவனங்கள் ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்கலாம். 2003-லேயே ஏர் டெக்கான் வந்துவிட்டது. ஆனால் ஐந்து ஆண்டு உள்நாட்டில் ஓட்டியிருக்க வேண்டும், 20 விமானம் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்று விதி இருந்தது. இண்டிகோ 2011-ல்தான் வெளிநாடு தொடங்கியது. அந்த இடைவெளியில் எங்களைச் சுமந்தது இந்த எக்ஸ்பிரஸ்தான். வால் பகுதியில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு ஓவியம் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வார்கள். கொரோனா காலத்தில் 2020 மே 7-ல் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் முதலில் ஆட்களை ஏற்றி வந்ததும் இவர்கள்தான். குறை சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேக்கா அக்கா

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். எங்களுக்குத் திருச்சி போக ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று மூன்று உண்டு. போட்டி இருப்பதால் தீபாவளி, பொங்கல் நேரம் தவிர மற்ற நாளில் விலை தாங்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்கும் அப்படித்தான். வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? எமிரேட்ஸ், ஃப்ளைதுபாய் எல்லாம் ஏன் திருச்சிக்கு வரவில்லை? ஆள் இல்லாமலா?

ஓடுதளம்

ஆள் நிறைய இருக்கிறார்கள் அக்கா. அனுமதிதான் இல்லை. இந்த இழையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால்தான் விமானம் போக வர முடியும். வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊர் என்று அதில் எழுதியிருக்கும். துபாயோடு நமக்கு வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள், இரு பக்கத்துக்கும் தனித்தனியாக. ஆனால் துபாய் நிறுவனங்கள் இறங்கலாம் என்று இந்தியா ஒப்புக்கொண்ட ஊர்ப் பட்டியலில் திருச்சி இல்லை. சென்னை இருக்கிறது, கொச்சி இருக்கிறது, கோழிக்கோடு இருக்கிறது. அதனால் இந்திய நிறுவனம் மட்டுமே திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பறக்கலாம். இண்டிகோ 2024-ல் அபுதாபிக்குத் தொடங்கியது இந்த வழியில்தான்.

சிங்கப்பூர், மலேசியா, வியட்நாம் போன்ற தென்கிழக்கு ஆசிய (ஆசியான்) நாடுகளுக்கு வேறு கணக்கு. அந்த நாட்டு நிறுவனங்கள் 18 சுற்றுலா ஊர்களுக்குக் கட்டுப்பாடில்லாமல் பறக்கலாம் என்று இந்தியா திறந்துவிட்டது. கயா, வாரணாசி, அமிர்தசரஸ் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் திருச்சியும் இருக்கிறது. அதனால்தான் சிங்கப்பூர், கோலாலம்பூர், 2023 நவம்பரிலிருந்து ஹோ சி மின் நகரம் என்று வரிசையாக வந்தார்கள். ஒரே ஊர், ஒரே ஓடுதளம். கிழக்கே கதவு திறந்திருக்கிறது, மேற்கே பாதி சாத்தியிருக்கிறது.

கோவை நண்பர்

எங்களுக்கு ஷார்ஜாவின் ஏர் அரேபியா பல வருஷமாக வருகிறது. ஷார்ஜா ஒப்பந்தத்தில் கோவைக்கு இடம் கிடைத்ததால். மதுரைக்காரர்களும் பல காலமாக இதே கோரிக்கையோடு இருக்கிறார்கள். திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புது முனையம் கட்டி 2024 ஜனவரியில் திறந்தார்கள். கோபுரம் போல முகப்பு, உள்ளே சுவரெல்லாம் ஓவியம், அருமையாக இருக்கிறது. இவ்வளவும் கட்டிவிட்டு வளைகுடா நிறுவனங்களுக்கு அனுமதி தராதது என்ன நியாயம்?

ரோலா வாசி

நானும் அதைத்தான் கேட்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் இங்கே டிக்கெட் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தால் வயிறு எரியும். குடும்பத்தோடு இருப்பவன் ஊருக்குப் போகும் செலவை நினைத்தே ஒரு வருஷம் தள்ளிப் போடுகிறான்.

ஓடுதளம்

மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. எமிரேட்ஸ் போன்ற நிறுவனம் திருச்சிக்கு வந்தால் துபாய் போகிறவரை மட்டும் ஏற்றாது. லண்டன், நியூயார்க் போகிறவரையும் துபாய் வழியாகக் கொண்டுபோகும். அப்புறம் இந்திய நிறுவனங்கள் நீண்ட தூரத் தடம் போட ஆள் கிடைக்காது என்பது அரசின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. என்னைக் கேட்டால், மலிவு விமானங்களுக்கு மட்டுமாவது சிறு ஊர்களைத் திறந்துவிடலாம். ஃப்ளைதுபாயும் ஏர் அரேபியாவும் திருச்சிக்கு வந்தால் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அழிந்துவிடாது. சிங்கப்பூர்த் தடத்தில் போட்டியோடுதானே ஓடிக்கொண்டிருக்கிறது?

காவிரிக்கரை

இதில் நான் உங்கள் பக்கம். ஒருவரை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் பார்த்தோம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் பணிப்பெண்களும் பணியாளர்களும் ஒரே நேரத்தில் உடல்நலம் சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். ஏர்ஏசியா இந்தியாவை இணைக்கும் வேலையில் தங்கள் சம்பளமும் பதவியும் அடிபடுகிறது என்பது அவர்கள் குறை, அதில் நியாயம் இருந்தது. 25 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள், தொழிலாளர் ஆணையர் முன்னால் பேசி அவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள். அதற்குள் விமானங்கள் ரத்தாகி, விசா முடியப் போகிறவர்கள் விமான நிலையத்தில் நின்றார்கள். வேறு விமானம் இருந்தால்தானே மாறுவதற்கு?

மணப்பாறை தம்பி

அந்த மாதிரி நேரத்தில் நமக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். என் மாமாவுக்கு வேறு ஒரு நிறுவனத்தில் புறப்படும் அன்றைக்கு ரத்து என்று செய்தி வந்தது. டிக்கெட் பணம் மட்டும் வந்தது. மற்றது எதுவும் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஓடுதளம்

கேட்டிருக்க வேண்டும் தம்பி. விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இருக்கிறது. ரத்து என்று இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் மாற்று விமானமோ பணமோ தந்தால் போதும். கடைசி 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதோடு நஷ்ட ஈடும் தர வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. புயல், கலவரம், வான் கட்டுப்பாட்டுச் சிக்கல் போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் இது கிடைக்காது.

ஷார்ஜா தூரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் சாப்பாடு தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஹோட்டல் அறை. கவுன்டரில் கேட்டு வாங்குங்கள், மறுத்தால் ஏர்சேவா என்ற அரசின் புகார்த் தளத்தில் புகார் போடுங்கள். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே ஒரு அறிக்கை எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பொன்மலைப்பெண்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. ஓடுதளம் அண்ணன் எழுதிய ஹைட்ராலிக் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரயில் பிரேக் விஷயம் தெரிந்தவர், உடனே தலையாட்டினார். அப்பா சொன்னபின் அம்மாவும் சரி என்றுவிட்டார். நேரடி விமானமே போடுகிறோம், 30 கிலோ உள்ள கட்டணத்தில். சக்கர நாற்காலிக்கு என்ன செய்ய வேண்டும்? இருவரின் பாஸ்போர்ட்டிலும் ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கிறது, அதனால் சிக்கல் வருமா?

அதிரைச் சபராளி

சிக்கல் இல்லை மகளே. பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்கு வேலைக்குப் போகிறவருக்கான அனுமதி தேவையில்லை. ஆனால் குடியேற்ற மேசையில் திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்பார்கள். அதனால் போக, வர இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். விசா, இரண்டு டிக்கெட்டுகள், அண்ணனின் அமீரக அடையாள அட்டை நகல், அவர் போன் நம்பர் எல்லாவற்றையும் தாளில் எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வையுங்கள். போனில் மட்டும் இருந்தால் சார்ஜ் இறங்கிய நேரத்தில் தவித்துப் போவார்கள்.

ரோலா வாசி

சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே குறித்துவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாவது. காசு கிடையாது. ஷார்ஜாவில் இறங்கியதும் அங்குள்ள உதவியாளர் குடியேற்றம், பெட்டி எடுக்கும் இடம் எல்லாம் தாண்டி வெளியே அண்ணன் நிற்கும் வாசல் வரை கொண்டுவந்து விடுவார். அம்மா அவர் கூடவே நடந்து வந்தால் போதும், மொழி பிரச்சினையே வராது. அப்பா முழங்காலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மருத்துவர் சீட்டு கட்டாயம். டிரமடால், கோடீன் சேர்ந்த வலி மாத்திரைகள் இங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரை எழுதி வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள், எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். ஊறுகாயைப் பெட்டியில் நன்றாகக் கட்டி வைத்தால் எடுத்து வரலாம்.